முதல் தேதி இனி உங்கள் பொறுப்பு: ஆபீஸ் வேலையை விட்டுச் சொந்தமாகத் தொழில் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

2022 ஜூலை 1, காலை ஒன்பதரை. பதினோரு வருடமாக அந்த நேரத்துக்கு என் போனில் ஒரு எஸ்எம்எஸ் வந்து விழும்: சம்பளம் வரவு. அன்று வரவில்லை. வராது என்று எனக்கே தெரியும். முந்தின நாள்தான் கேக் வெட்டி, ஒரு குக்கரும் கையில் கொடுத்து அனுப்பி வைத்திருந்தார்கள். நோட்டீஸ் காலத்தின் கடைசி மாதச் சம்பளத்தை ஃபைனல் செட்டில்மெண்டோடு சேர்த்துத்தான் தருவோம் என்றும் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் பதினோரு மணிக்குள் மூன்று முறை போனை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருந்தேன். இப்போது ஆவாரம்பாளையம், கணபதி பக்கம் பதினான்கு சின்னப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். நான் ஆடிட்டர் இல்லை, பில்லை வாங்கி டேலி என்கிற கணக்கு மென்பொருளில் ஏற்றி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டு, வருட முடிவில் ஆடிட்டர் கையில் சுத்தமாகக் கொடுக்கிறவள். வேலையை விடலாமா என்று கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் "மாதம் இவ்வளவு வருமா?" என்றுதான் கேட்கிறார்கள். எவ்வளவு என்பது பெரிய சிக்கலாக இருக்காது. எப்போது வரும் என்பதில்தான் ஆள் கவிழ்கிறார். ஆபீஸ் நமக்குப் பணத்தோடு ஒரு தேதியையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. வாடகை, இஎம்ஐ, பால் கணக்கு, பள்ளிக் கட்டணம் எல்லாம் அந்தத் தேதியில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் அந்தத் தேதியை நாமே உண்டாக்கிக்கொள்கிற வேலைதான்.

படி 1: உங்கள் உண்மையான சம்பளம் எவ்வளவு?

கைக்கு வருகிற தொகையை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவீர்கள். என் கணக்கையே சொல்கிறேன். கைக்கு 38,000. அடிப்படைச் சம்பளம் 22,000. பிஎஃப்பை 15,000 உச்சவரம்பில் பிடித்தார்கள், ஆக என் பங்கு 1,800. கம்பெனி பங்கும் 1,800. அதில் 1,250 பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடும், மிச்சம்தான் பிஎஃப் கணக்கில் ஏறும். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, வருடத்துக்கு 15 நாள் சம்பளம். 22,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 12,692, மாதத்துக்கு 1,058. வீட்டில் நால்வருக்கும் மருத்துவக் காப்பீடு கம்பெனி எடுத்திருந்தது. வெளியில் விசாரித்தபோது எங்களுக்கு வருடம் 24,000 சொன்னார்கள், மாதம் 2,000. தீபாவளி போனஸ் 24,000, அதுவும் மாதத்துக்கு 2,000. சொந்தத் தொழிலில் புதிதாக வருகிற செலவு (டேலி உரிமம், இன்டர்நெட், பெட்ரோல், போன்) 3,500.

கூட்டினால் 50,158. அதாவது நான் மாதம் 50,000 வசூல் செய்தால்தான் 38,000 சம்பளக்காரியாக இருந்த இடத்திலேயே நிற்கிறேன். 45,000 பில் போட்டுவிட்டு "சம்பளத்தைவிட ஏழாயிரம் அதிகம்" என்று வீட்டில் சொல்லிச் சந்தோஷப்பட்ட மாதங்கள் எனக்கு உண்டு. அது நஷ்ட மாதம் என்று பிறகுதான் புரிந்தது.

உங்கள் பே ஸ்லிப்பை எடுத்து இதே கணக்கை ஒரு தாளில் போடுங்கள். கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு, லேப்டாப் எதையும் விடாதீர்கள்.

படி 2: ராஜினாமாவுக்கு முன்பே மூன்று பேரிடம் காசு வாங்குங்கள்

"நீ ஆரம்பி, நான் வேலை தர்றேன்" என்று சொல்கிறவர்கள் நிறைய இருப்பார்கள். அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. உங்கள் வேலைக்கு, உறவோ நட்போ இல்லாத மூன்று பேர் பணம் கொடுத்து, அதில் இரண்டு பேராவது மறுபடியும் கூப்பிட்டால் அந்தத் தொழில் இருக்கிறது என்று அர்த்தம். நான் ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செய்து பார்த்தேன்.

இதில் ஒரு எச்சரிக்கை. உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை அலமாரியிலிருந்து எடுத்து வரி விடாமல் படியுங்கள். வேலையில் இருக்கும் காலத்தில் வேறு வருமான வேலை செய்யக் கூடாது என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும், அது செல்லும். அப்படியிருந்தால் மேலாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், இல்லையென்றால் நோட்டீஸ் காலம் முடிந்த பிறகு பரீட்சை செய்யுங்கள். அதற்கேற்றபடி சேமிப்பு கூடுதலாக வேண்டும். விலகிய பிறகு இத்தனை வருடம் இதே தொழிலில் இறங்கக் கூடாது என்கிற வகை நிபந்தனை வேறு கதை: 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாது என்கிறது. அதற்காகக் கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியலையோ வரைபடத்தையோ பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வரலாம் என்று பொருள் கிடையாது. ரகசியக் காப்பு நிபந்தனை விலகிய பிறகும் உங்களைப் பிடிக்கும். கம்பெனி லேப்டாப்பில் சொந்த வேலை ஒரு ஃபைல்கூட வேண்டாம்.

படி 3: எவ்வளவு சேமித்து வைக்க வேண்டும்?

"ஆறு மாதச் செலவு" என்று எல்லோரும் சொல்வார்கள். அது எங்கிருந்து தொடங்குகிற ஆறு மாதம் என்று யாரும் சொல்வதில்லை.

ஏப்ரல் முழுக்க வேலை செய்கிறீர்கள். 30ஆம் தேதி பில் கொடுக்கிறீர்கள். பார்ட்டி நல்லவராகவே இருந்தாலும் நாற்பத்தைந்து நாள் எடுத்துக்கொள்வார். ஜூன் நடுவில் பணம் வரும். ஏப்ரல் 1 முதல் எழுபத்தைந்து நாள் உங்களுக்கு வருமானம் பூஜ்ஜியம், கை நிறைய வேலை இருந்தும். ஆகவே முதலில் இந்த இரண்டரை மாதத்தை ஒதுக்குங்கள். அதற்கு மேல்தான் ஆறு மாதத்தை எண்ணத் தொடங்க வேண்டும். எங்கள் வீட்டுச் செலவில் என் பங்கு 30,000. எட்டரை மாதத்துக்கு 2,55,000. என் கையில் இருந்தது 1,80,000. மிச்சத்துக்கு நகை அடகுக் கடைக்குப் போனது. இரண்டு வளையல், பதினான்கு மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தன.

பிஎஃப் பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கிராஜுவிட்டியைச் சேர்க்கலாம், அது தொழிலுக்கு முதல் போட ஏற்ற பணம்.

தொழிலுக்குத் தொழில் காய்கிற மாதம் வேறு. கல்யாண போட்டோகிராபருக்கு ஆடியும் மார்கழியும் கிடையாது. டியூஷன் எடுப்பவருக்கு ஏப்ரல், மே. உங்கள் தொழிலின் காய்கிற மாதத்துக்கு முந்தின மாதம் ராஜினாமா செய்தால் அந்த ஆறு மாதம் போதாது.

படி 4: மருத்துவக் காப்பீடு, கடைசி வேலை நாளுக்கு முன்பு

நான் சறுக்கியது இங்கே, அதனால் கொஞ்சம் விரிவாக.

கம்பெனி எடுத்துத் தந்த குழுக் காப்பீடு, நீங்கள் விலகும் நாளோடு முடிந்துவிடும். அடுத்த நாள் காலை நெஞ்சு வலி வந்தாலும் பயனில்லை. அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது. அப்படி மாறினால் குழுக் காப்பீட்டில் நீங்கள் இருந்த வருடங்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்தில் கழிந்துவிடும். விண்ணப்பத்தை வேலையில் இருக்கும்போதே கொடுக்க வேண்டும். எனக்கு இது தெரியாது. ஒரு மாதம் கழித்துப் புதுப் பாலிசி எடுத்தேன். என் கணவரின் சர்க்கரைக்குக் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கியது. ஹெச்ஆரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை என்று நான் கோபப்பட்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், நான் கேட்கவில்லை.

2024 ஏப்ரல் முதல் அந்தக் காத்திருப்பு அதிகபட்சம் மூன்று வருடம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் ஜிஎஸ்டி கிடையாது. முன்பு பதினெட்டு சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சம்பளம் 21,000-க்குள் இருந்து ஈஎஸ்ஐ-யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருப்பவர்கள், விலகிய பிறகு எதுவரை சிகிச்சை கிடைக்கும் என்று கிளை அலுவலகத்தில் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 5: எந்தத் தேதியில் விலகுவது

ஐந்து வருடம் ஆக இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுங்கள். கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் அதைக் கம்பெனியிடம் வாதாடி வாங்கத் தெம்பு இருக்க வேண்டும். எனக்குப் பதினோரு வருடத்துக்கு 1,39,615 வந்தது. பத்து வருடம் என்பது இன்னொரு எல்லை: பிஎஃப்போடு சேர்ந்த பென்ஷன் திட்டத்தில் பத்து வருடப் பணி இருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. தொகை சிறியதுதான், ஆனால் சில மாதத்துக்காக அதை விடுவானேன்.

போனஸ் வழங்கும் நாளில் ஊழியர் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று பல கம்பெனிகளில் விதி. தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு விலகிப் போன என் சக ஊழியர் ஒருவர் அதை நினைத்து இன்றும் புலம்புவார்.

விலகும்போது கேட்டு வாங்க வேண்டியவை: ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ், சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றிதழ் (படிவம் 16 என்பார்கள்), பிஎஃப் கணக்கில் விலகிய தேதி. கடைசியில் சொன்னதைப் பல கம்பெனிகள் பதிவதில்லை. கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே பிஎஃப் இணையதளத்தில் பதியலாம். பிஎஃப் பணத்தை அப்படியே விட்டு வையுங்கள். ஐந்து வருடத் தொடர் பணி ஆகாமல் எடுத்தால் வரி உண்டு. விட்டு வைத்தால் வட்டி ஏறும், ஆனால் வேலையை விட்ட பிறகு ஏறுகிற வட்டி வரிக்கு உட்பட்டது என்பதை உங்கள் ஆடிட்டரிடம் நினைவுபடுத்துங்கள்.

நோட்டீஸ் காலத்தை முழுதாகச் செய்யுங்கள். என் வேலையை எடுத்துக்கொண்ட பையனுக்கு நாற்பது பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அவன்தான் பிறகு எனக்கு இரண்டு பட்டறைகளை அனுப்பி வைத்தான்.

படி 6: பதிவுகள்

இதைப் பெரிய மலையாக்கி ஏஜென்ட்டுகள் காசு பார்க்கிறார்கள். ஒரு மதியப் பொழுதில் முடிகிற வேலை.

குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு முதலில். அரசின் இணையதளத்தில், ஆதாரும் பானும் வைத்து, இலவசம். 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. கட்டணம் கேட்கிற தளம் வந்தால் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். இந்த எண் ஏன் முக்கியம் என்பதை வசூல் பகுதியில் சொல்கிறேன்.

ஜிஎஸ்டி: சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் கட்டாயம், தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்களுக்கு 40 லட்சம். "இருந்தால் கௌரவமாக இருக்கும்" என்று முன்கூட்டியே எடுக்காதீர்கள். எடுத்த பிறகு வியாபாரமே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட வேண்டும், மறந்தால் நாளுக்கு 20 ரூபாய். பெரிய கம்பெனிகள் நம்பர் இல்லாமல் வேலை தர மாட்டோம் என்றால் அப்போது எடுக்கலாம். வெளிநாட்டுக்கு மென்பொருள் வேலை செய்கிறவர்கள் ஜிஎஸ்டி எடுத்தால், வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டும் தாக்கல் செய்ய வேண்டும்.

வங்கியில் தொழில் பெயரில் நடப்புக் கணக்கு திறக்க இரண்டு சான்று கேட்பார்கள், உத்யம் ஒன்று. மாநகராட்சியில் தொழில் வரி கட்டி ரசீது வாங்கினால் அதை இரண்டாவதாகக் காட்டலாம். தொழில் வரி சம்பளக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அரையாண்டுக்கு ஒரு முறை நாமும் கட்ட வேண்டும். உச்சம் அரையாண்டுக்கு 1,250.

லோகோ, விசிட்டிங் கார்டு, இணையதளம் எல்லாம் பிறகு. இந்த மூன்றரை வருடத்தில் என்னிடம் கார்டு கேட்டவர் இரண்டு பேர்.

கடன் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் போல மூளையும் லேப்டாப்பும் முதலாக இருப்பவர்களுக்குக் கடன் தேவையில்லை. இயந்திரம் போடுகிறவர்கள் மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரே போங்கள். தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம், உச்சம் 75 லட்சம். மத்திய அரசின் பிஎம்இஜிபி-யில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையிலான திட்டங்களுக்கு மானியம் உண்டு. ஆனால் மையம் பரிந்துரைத்தாலும் கடனைத் தருவது வங்கி. சாங்ஷன் கடிதம் கைக்கு வராமல் ராஜினாமா எழுதாதீர்கள்.

படி 7: விலை வைப்பது

என் முதல் வாடிக்கையாளர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணா. மாதம் 1,500 என்று பேசினேன். கேட்கவே கூச்சமாக இருந்தது, அதனால் குறைத்துக் கேட்டேன். மாதக் கடைசியில் ஒரு மஞ்சப்பை வந்தது. உள்ளே பில்லும் டெலிவரி சலானும் கலந்து நூற்றைம்பதுக்கும் மேல். கூலன்ட் ஆயிலில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பெட்ரோல் பங்க் பில்களில் எழுத்து மறைந்து வெள்ளைத் தாளாகியிருந்தது. ஒரு டீக்கடைக் கணக்குச் சீட்டும், பையனின் ஸ்கூல் ஃபீஸ் ரசீதும், ஒரு முருகன் படமும் கூடவே. பிரித்து, ஃபேன் காற்றில் உலர்த்தி, தேதிவாரியாக அடுக்கி, ஏற்றி முடிக்க ஒன்பது மணி நேரம்.

1,500-ஐ ஒன்பதால் வகுத்தால் மணிக்கு 166. ஆபீஸில் 38,000-ஐ இருபத்தாறு நாள், எட்டு மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 182. ஃபேன் காற்றும் ஏசியும் ஒரு பக்கம் இருக்கட்டும், வேலையை விட்டு வந்து கூலியைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

சரியான கணக்கு இப்படி. மாதத்தில் 208 மணி நேரம் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பார்ட்டியைப் பார்க்கப் போவது, பில் கேட்டு நச்சரிப்பது, வசூலுக்கு அலைவது, சொந்தக் கணக்கை எழுதுவது எல்லாம் போக, காசாகிற நேரம் எனக்கு 110 மணிதான் தேறுகிறது. படி 1-இல் வந்த 50,000-ஐ 110-ஆல் வகுத்தால் மணிக்கு 455 ரூபாய். மஞ்சப்பை அண்ணாவின் வேலைக்கு 4,000 வாங்கியிருக்க வேண்டும்.

மணிக் கணக்கை வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள், அது உங்களுக்கு மட்டும். அவரிடம் அவருக்குப் புரிகிற அலகில் சொல்லுங்கள். நான் பில் எண்ணிக்கையில் சொல்கிறேன்: எழுபத்தைந்து பில் வரை இவ்வளவு, அதற்கு மேல் இவ்வளவு, வாட்ஸ்அப்பில் அன்றன்றைக்குப் போட்டோ அனுப்பினால் 500 குறைவு. அந்த 500 ரூபாய்த் தள்ளுபடி செய்த மாயத்தை எந்தக் கெஞ்சலும் செய்ததில்லை. இப்போது மஞ்சப்பை ஒன்றுதான் வருகிறது.

ஒரு தடவை குறைத்துப் பேசிய விலையை அதே ஆளிடம் ஏற்றுவது கடினம். அந்த அண்ணாவிடம் 1,500-இல் இருந்து 2,500-க்கு வர இரண்டு வருடம் ஆனது. புதிதாக வருகிறவரிடம் முதல் நாளே முழு விலை சொல்லிவிடுங்கள். பத்தில் நான்கு பேர் போய்விட்டால் விலை சரியாக இருக்கிறது. ஒருவருமே போகவில்லை என்றால் குறைத்துச் சொல்கிறீர்கள்.

படி 8: வசூல்

பில் கொடுப்பது வேறு, பணம் வாங்குவது வேறு. சம்பளக்காரராக இருந்தவர்களுக்கு இரண்டாவது சுத்தமாகத் தெரியாது, ஏனென்றால் நாம் யாரிடமும் போய் நின்று "என் காசு" என்று கேட்டதே இல்லை.

இங்கே யாரும் தர மாட்டேன் என்று சொல்வதில்லை. "அம்மிணி, பார்ட்டிகிட்ட இருந்து செக்கு வரட்டும், மொதப் பணம் உனக்குத்தான்" என்பார். "சரிங்கண்ணா" என்று திரும்பி வருவேன். அடுத்த வெள்ளி போனால், "வெள்ளிக்கெழமை காசு வெளிய குடுக்கறதில்ல கண்ணு, நாளைக்கு வா" என்பார். சனிக்கிழமை கூலி நாள். தொழிலாளிகளுக்குக் கொடுத்த பிறகு கல்லாவில் ஒன்றும் இருக்காது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் மேலே ஒரு பெரிய கம்பெனி தொண்ணூறு நாள் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி நான்.

ஒரு பட்டறை ஆறு மாதப் பாக்கி 21,000 வைத்துவிட்டு மூடிப்போனது. மூன்றாவது மாதமே நிறுத்தியிருக்க வேண்டும். முகத்துக்கு அஞ்சி ஓட்டினேன்.

அதற்குப் பிறகு மாற்றிக்கொண்டவை: புது வாடிக்கையாளர் என்றால் ஒரு மாதக் கட்டணம் முன்பணம். மூன்று மாதத்துக்கு மொத்தமாக முன்கூட்டிக் கொடுப்பவருக்குப் பத்து சதவீதம் கழிவு. இப்போது ஐந்து பேர் அப்படித் தருகிறார்கள், என் முதல் தேதி நிற்பது அந்த ஐந்து பேரால்தான். இரண்டு மாதம் பாக்கி என்றால் மூன்றாவது மாத வேலை தொடங்காது, இதை முதல் நாளே ஒப்பந்தத் தாளில் எழுதிக் கையெழுத்து. கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பாக்கிக்காக, கெடுவுக்கு முந்தின நாள் ரிட்டர்னைப் பிடித்து வைக்காதீர்கள். ஒரு முறை செய்தேன். அபராதம் அவருக்கு, கெட்ட பெயர் எனக்கு. வேலை தொடங்கும் முன்பு மறுப்பது நியாயம், பாதியில் மிரட்டுவது ஊர் முழுக்கப் பேச்சாகும்.

உத்யம் எண் இப்போது வேலைக்கு வருகிறது. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் கொடுக்க அரசின் இணையதளம் இருக்கிறது. நான் இதுவரை புகார் கொடுத்ததில்லை. பில்லின் தலையில் உத்யம் எண்ணைத் தடித்த எழுத்தில் போடுவதோடு சரி. 2023-24 நிதியாண்டு முதல் அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, கொடுக்கிற வருடம் வரை வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. ஆகவே மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டரே "இந்தம்மாவுக்குக் கொடுத்து முடிங்க" என்று சொல்லிவிடுகிறார்.

இன்னொன்று, மொத்த வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால் நீங்கள் இன்னும் வேலையை விடவில்லை. பிஎஃப் இல்லாத வேலைக்கு மாறியிருக்கிறீர்கள்.

படி 9: உங்களுக்கு நீங்களே சம்பளம் போடுங்கள்

இரண்டு வங்கிக் கணக்கு. வாடிக்கையாளர் பணம் முழுக்க ஒன்றில் விழட்டும். வீட்டுச் செலவு இன்னொன்றில். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஒரே தொகை, தானாகப் போகும்படி ஏற்பாடு. எனக்கு 30,000. மார்ச்சில் 80,000 வசூலானாலும் 30,000தான். ஜூனில் 22,000 வந்தாலும் 30,000தான். முதல் கணக்கில் ஆறு மாதச் சம்பளம் சேர்ந்த பிறகே தொகையை ஏற்றலாம். எனக்கு அது இரண்டாவது வருடக் கடைசியில் நடந்தது.

முதன்முதலில் அப்படிப் போட்ட 1ஆம் தேதி காலையில் போன் ஒலித்தது. வரவு 30,000. நானே அனுப்பியது என்று தெரிந்தும் ஒரு நிம்மதி.

படி 10: வரி

கணக்கு எழுதுகிறவள் என்பதால் இதை நீட்டலாம், ஆனால் தேவையில்லை. மருத்துவம், சட்டம், பொறியியல், கட்டடக் கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம் போன்ற தொழில்களில் இருந்து, வருட வரவு 50 லட்சத்துக்குள் (ரொக்கம் ஐந்து சதவீதத்துக்குள் என்றால் 75 லட்சம்) இருந்தால், வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். செலவுக் கணக்கு கேட்க மாட்டார்கள். இதைத்தான் 44ஏடிஏ என்கிறோம். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண் வேறு. பேச்சில் அதே பெயர்தான். மற்ற வியாபாரங்களுக்கு 44ஏடி: டிஜிட்டலாக வந்த வரவில் ஆறு சதவீதம், ரொக்கத்தில் எட்டு. முன்கூட்டிய வரியை இந்த இரு வகையினரும் மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம். கம்பெனிகள் நம் பில் தொகையிலேயே பத்து சதவீதம் வரி (டிடிஎஸ்) பிடித்துவிட்டுத் தந்தால் பதறாதீர்கள், ரிட்டர்ன் போட்டால் கணக்கில் கழியும், மிஞ்சினால் திரும்பி வரும்.

ஆனால் ஒரு பொறி. வருடம் ஆறு லட்சம் வரவு என்றால் பாதி மூன்று லட்சம், வரியே இல்லை என்று குறைந்தபட்சத்தைக் காட்டிவிட்டுப் போவோம். மூன்று வருடம் கழித்து வீட்டுக் கடனுக்குப் போனால், வங்கி அந்த மூன்று லட்சத்தைப் பார்த்துத்தான் கடன் போடும். சட்டமும் பாதிக்கு மேல் உண்மையில் சம்பாதித்திருந்தால் அதைக் காட்டச் சொல்கிறது. புதிய வரி முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லாதபோது குறைத்துக் காட்டி என்ன மிச்சம்?

படி 11: வீட்டில் இருப்பவர்களிடம் பேசுவது

"வீட்லதானே இருக்கே" என்ற வாக்கியத்துக்குத் தயாராகுங்கள். கேஸ் சிலிண்டர், கூரியர், மாமியாரின் கண் ஆஸ்பத்திரி, பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்லாம் உங்கள் கணக்கில் வரும். நான் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறையை ஒழித்து மேஜை போட்டேன், ஒன்பதரைக்கு ஆபீஸுக்குப் போகிற புடவையிலேயே மேலே ஏறுவேன். முதல் வாரம் வீட்டில் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் சிலிண்டர்க்காரருக்கு மாமனார் கதவைத் திறந்தார்.

பெண்கள் வேலையை விட்டால் "குடும்பத்தைப் பாத்துக்க விட்டுட்டா" என்று ஊரே முடிவு கட்டிவிடும். அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

படி 12: திரும்பிப் போவதற்கும் ஒரு தேதி

ராஜினாமா எழுதிய அன்றே டைரியில் ஒரு கோடு போட்டேன்: 2024 மார்ச் 31. அதற்கு முந்தின ஆறு மாதத்தின் சராசரி வசூல் 42,000-க்குக் கீழே இருந்தால் வேலை தேடுவது. நிதானமாக இருக்கும்போது போட்ட கோடு இது. கழுத்தில் கத்தி இருக்கும்போது முடிவெடுத்தால் "இன்னும் மூணு மாசம் பார்ப்போம்" என்றே போய்க்கொண்டிருக்கும். கோட்டை எழுதி, கணவரிடமும் கையெழுத்து வாங்கி வைத்தேன்.

திரும்பிப் போவதானால் இடைப்பட்ட காலத்துக்குச் சான்று கேட்பார்கள். உத்யம் சான்றிதழ், வருமான வரி ரிட்டர்ன், இரண்டு வாடிக்கையாளர்களின் கடிதம் போதும். பழைய பிஎஃப் எண்ணே தொடரும்.

மார்ச் 31 அன்று மாலை கூட்டிப் பார்த்தேன். ஆறு மாதச் சராசரி 43,700. நூலிழைதான். டைரியில் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, அடுத்த கோட்டை 2026 மார்ச் 31-க்குப் போட்டேன், இந்த முறை 55,000 என்று.